மலைக்குப் போகிற பிள்ளைக்கு ஏன் அந்தக் கருவி கூடாது?

கடற்கரைச் சாலையில் காலை நடை முடிந்ததும் காந்தி சிலைப் பக்கம் நாங்கள் நாலைந்து பேர் உட்காருவது வழக்கம். பென்ஷன், சர்க்கரை அளவு, யார் வீட்டுப் பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறது என்பதைத் தாண்டி எங்கள் பேச்சு அதிகம் போகாது. போன மாதம் ஒரு நாள் நான்தான் வாயை விட்டேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி உத்தராகண்டில் மலை நடைக்குப் போகப் போகிறாள். செல்போன் எடுக்காத இடம். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் அவசரக் கருவி ஒன்று அவளுக்கு வாங்கித் தரலாமா என்று யோசிக்கிறேன் என்றேன்.

எங்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எதற்கும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார். "உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு? 2025ல நம்ம ஏர்போர்ட்லயே சேட்டிலைட் போன் வச்சிருந்த வெளிநாட்டுக்காரங்களைப் பிடிச்சாங்களே, பேப்பர்ல பாக்கலையா? சட்டம்னா சட்டந்தான். அதோட, நாமெல்லாம் எதை வச்சுக்கிட்டு மலை ஏறினோம்? ஒரு டார்ச் லைட்டு, வாயில சாமி பேரு. போனவங்கல்லாம் திரும்பி வரலையா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்புக்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு அங்கே சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். அவரும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்தான். கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதலில் "திரும்பி வரலையா" என்ற கேள்வி.

1981, மாசி மாதம். எங்கள் அலுவலகத்திலிருந்து நாலு பேர் பர்வதமலைக்குப் போனோம். போளூரைத் தாண்டி, தென்மகாதேவமங்கலம் வழியாக ஏறுகிற மலை. 4,500 அடி இருக்கும். உங்களில் பலர் போயிருப்பீர்கள். பௌர்ணமியில் கூட்டம் அலைமோதும் மலை அது. நாங்கள் போனது சாதாரண சனிக்கிழமை, வழியில் ஆளே இல்லை. கடப்பாறைகளை அடித்து, சங்கிலி கட்டியிருக்கிற அந்தச் செங்குத்தான இடத்தைத் தாண்டி உச்சிக்குப் போனபோது மாலை 4 மணி. என் பக்கத்து மேஜை நண்பர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வயது 41. முதலில் வாயுப் பிடிப்பு என்றார். அரை மணியில் சட்டை முழுக்க வேர்வை. முகம் சாம்பல் நிறம்.

ஒருவரை அவரோடு விட்டுவிட்டு நானும் இன்னொருவரும் கீழே இறங்கினோம். பாதி வழியில் இருட்டிவிட்டது. தலைமையாசிரியர் சொல்கிற டார்ச் லைட்டு எங்களிடம் இருந்தது. கடப்பாறையைப் பிடிக்க ஒரு கை, டார்ச்சுக்கு ஒரு கை. ஊருக்குள் வந்தபோது மணி 9. தபால் நிலையம் பூட்டியிருந்தது. சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு நண்பர் போளூருக்குப் போனார். நான் வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாலு இளைஞர்கள் கம்பும் கயிறும் எடுத்துக்கொண்டு அந்த ராத்திரியிலேயே கிளம்பினார்கள். நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது விடிந்துகொண்டிருந்தது. அவர் 3 மணிக்கே போய்விட்டிருந்தார்.

கூட இருந்தவர் சொன்னார்: கடைசி வரை அவர் கேட்டது ஒன்றுதான். "வர்றாங்களா?"

அவருக்கு என்ன பதில் சொல்வது என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. நாங்கள் கீழே போய்ச் சேர்ந்தோமா, வழியில் விழுந்தோமா என்றுகூட அவருக்குத் தெரியாது. வர்றாங்க, வர்றாங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

ஒரு கருவி இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. மாரடைப்புக்கு அந்தக் காலத்தில் கிடைத்த வைத்தியமே கொஞ்சம். ஆனால் "போனவங்கல்லாம் திரும்பி வரலையா" என்று யாராவது சொன்னால், திரும்பி வந்தவர்கள்தானே அப்படிச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றும். திரும்பாதவர் பெஞ்சில் உட்கார்ந்து பேச வருவதில்லை.

இரண்டாவது, இந்தக் கருவி தீவிரவாதியின் சாமான் என்பது. அதைக் கையில் வாங்கிப் பார்த்தவன் நான். கிரனோபில் நகரத்தில் இருக்கும் என் தங்கை மகன் 2019ல் ஊருக்கு வருவதற்கு முன் எனக்கு வீடியோவில் காட்டினான். பிறகு நான் அங்கே போயிருந்தபோது கையில் கொடுத்தான். கார்மின் இன்ரீச் மினி என்று பெயர். பழைய தீப்பெட்டி நாலைச் சேர்த்துக் கட்டினால் எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான். எடை 100 கிராம். மேலே குட்டை வால் மாதிரி ஒரு ஆன்டெனா. பக்கத்தில் ஒரு மூடி, மூடிக்குள் எஸ்.ஓ.எஸ். பொத்தான். தெரியாமல் அழுத்திவிடக் கூடாது என்றுதான் மூடி. இதில் பேச முடியாது. 160 எழுத்துக்குள் செய்தி அனுப்பலாம், பெறலாம். நாங்கள் தந்தி அடித்த காலத்தில் வார்த்தையை எண்ணி எண்ணி எழுதியது நினைவுக்கு வந்தது.

அவன் அதை உபயோகிக்க வேண்டி வந்தது அதே ஆண்டு அக்டோபரில். கிரனோபிலுக்குக் கிழக்கே பெல்தோன் என்று ஒரு மலைத்தொடர் இருக்கிறது. ஒரு நண்பனோடு போனவன், புதுப்பனி மூடிய பாறையில் கால் வைத்துச் சறுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டான். செல்போனில் ஒரு கோடும் இல்லை. மூடியைத் திறந்து அழுத்தியிருக்கிறான். அந்தக் கருவி பேசுவது இரிடியம் என்ற செயற்கைக்கோள் கூட்டத்தோடு. 66 கோள்கள், சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்திலிருந்து துருவம் வரை சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று மலைக்குப் பின்னால் மறைந்தால் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வரும். செய்தி அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 24 மணி நேரமும் ஆள் இருக்கிற மையத்துக்குப் போகிறது. அங்கிருப்பவர்கள் இடத்தைப் பார்த்து, அந்த நாட்டு மீட்புப் படைக்குத் தகவல் தருகிறார்கள். ஏழெட்டு நிமிடத்தில் கருவி பீப் என்றது: செய்தி கிடைத்தது, என்ன அடி, எத்தனை பேர், கம்பளி உடை இருக்கிறதா? பதில் அனுப்பினான். பிறகு இன்னொரு பீப்: ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டது.

"மாமா, கால் வலி அப்படியேதான் இருந்துச்சு. ஆனா அதைப் படிச்சதும் பயம் போயிடுச்சு" என்றான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 38 வருஷத்துக்கு முந்தைய "வர்றாங்களா?" காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

இந்தக் கதையில் ஒரு தமாஷும் உண்டு. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்ணாக அவன் கொடுத்திருந்தது என் தங்கையின் எண். டெக்சாஸிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அவள் அமெரிக்க எண்ணைப் பார்த்துவிட்டு, பாங்க் மோசடிக்காரன் என்று கட் பண்ணிவிட்டாள். இரண்டு தரம். நல்லவேளை, மீட்பு அவளுக்காகக் காத்திருக்கவில்லை. நீங்கள் சிரிக்கலாம். உங்கள் பிள்ளையோ பேரனோ உங்கள் எண்ணைக் கொடுத்திருந்தால் நீங்கள் மட்டும் எடுத்திருப்பீர்களா? ஆகவே இதை வாங்குகிறவர்கள் முதலில் வீட்டிலிருக்கும் கிழவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும். எந்த எண்ணிலிருந்து கூப்பிடுவார்கள், என்ன கேட்பார்கள், பையன் எந்தப் பாதையில் போகிறான், ரத்த வகை என்ன, என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரன் இதைச் சொல்ல மாட்டான்.

எந்தக் கருவி என்பதில் பிள்ளைகளிடமும் எனக்குச் சண்டை உண்டு. பேத்தியின் தோழன் ஒருவன், "தாத்தா, இப்ப ஐபோன்லயே சேட்டிலைட் வந்துடுச்சு, தனியா எதுக்கு?" என்றான். வந்தது உண்மை. 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கினார்கள், அடுத்த மாதமே பிரான்சிலும் வந்தது. இந்தியாவில் இதை எழுதுகிற இன்று வரை அது இல்லை. ஆனால் போன் ஒரே ஒரு பாட்டரியில் படம் எடுக்கிறது, பாட்டுப் பாடுகிறது, வழி காட்டுகிறது. குளிரில் சீக்கிரம் செத்தும் போகிறது. விழுகிறவன் பெரும்பாலும் போனோடுதான் விழுகிறான். உயிருக்கு ஒன்று, பொழுதுபோக்குக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனியாக இருக்கட்டும்.

இன்னொரு வகை, சந்தா கட்டத் தேவையில்லாத அவசர ஒலிபரப்பி. பி.எல்.பி. என்பார்கள். 406 மெகாஹெர்ட்ஸில் கூவும். அது கூவுவது கோஸ்பாஸ்-சார்சாட் என்ற அமைப்பின் கோள்களுக்கு. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், அந்நாளைய சோவியத் ஒன்றியம் நான்கும் பனிப்போரின் நடுவிலேயே கைகோத்து உண்டாக்கிய அமைப்பு. முதல் கோள் போனது 1982ல். பிரான்சுக்கு அதன் மையம் துலூஸில் இருக்கிறது. இந்தியாவும் சேர்ந்திருக்கிறது, நம் மையம் பெங்களூரில். இந்தக் கருவியை நான் மதிக்கிறேன். அதன் பாட்டரி வருஷக்கணக்கில் காத்திருக்கும், அழுத்தினால் ஒரு நாள் முழுக்கக் கூவும், மாதச் சந்தா கிடையாது. ஆனால் பழைய வகைகள் பதில் சொல்லாது. அழுத்தியவனுக்கு, செய்தி போனதா என்பது தெரியாது. கலிலியோ கோள்கள் வழியாக, "கிடைத்தது" என்ற ஒரு விளக்கை மட்டும் திருப்பி எரியவிடும் வசதி 2020ல்தான் வந்தது. பணம் குறைவு என்பதற்காக ஒருவழிக் கருவியை எடுத்துக் கொடுப்பவர்களிடம் நான் சொல்வது, பர்வதமலையில் அந்த ராத்திரி உட்கார்ந்திருந்தவரிடம் போய்க் கேளுங்கள் என்பதுதான்.

இருவழிக் கருவியை வாங்கிவிட்டுச் சந்தாவைப் புதுப்பிக்காமல் போகிறவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டாதவன் கதை. பையின் அடியில் துணிக்குள் சுருட்டி வைக்கிறவர்கள் கதையும் அதேதான். அது வானத்தைப் பார்க்க வேண்டும். தோள் பட்டையில் தொங்க வேண்டும். விழுந்து கிடக்கிறவன் கைக்கு எட்ட வேண்டும். அடர்ந்த மரத்தடியிலும் குறுகிய பள்ளத்தாக்கிலும் செய்தி போக நேரமாகும். அதைப் போவதற்கு முன்பே மொட்டை மாடியிலும் மரத்தடியிலும் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே பள்ளிக்கூட நினைவு ஒன்று. எனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவர் சவுவா மலைப்பக்கத்துக்காரர். இலக்கணத்தின் நடுவில் மலைக்கதைகளுக்குப் போய்விடுவார். நாங்களும் அதற்காகவே சந்தேகம் கேட்போம். விமானிகள் ஆபத்தில் 'மேடே' என்று கூவுவது நம் 'மெதே'தான், 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சுச் சொல்தான் இங்கிலீஷ்காரன் வாயில் அப்படி ஆயிற்று என்று பெருமையாகச் சொன்னவரும் அவரே. 1956 டிசம்பரில் மோன் பிளானில் சிக்கிய வேன்சென்தோன், ஆன்ரி என்ற இரண்டு இளைஞர்களின் கதையை அவர்தான் சொன்னார். பிறகு நானே தேடிப் படித்தேன்.

இருவருக்கும் இருபதுகளில்தான் வயது. ஒருவர் பாரிஸ்காரர், இன்னொருவர் பெல்ஜியத்துக்காரர். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். சாமோனியில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மேலே போவது யார் பொறுப்பு என்பது யாருக்கும் தெளிவில்லை. ராணுவமா, வழிகாட்டிகள் சங்கமா, மலைப்பள்ளியா என்று நாட்கள் ஓடின. லியோனெல் தெரே என்ற பெரிய மலையேறி பொறுக்க முடியாமல் தானே ஆள் சேர்த்துக் கிளம்பினார். ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று போய், அவர்கள் பக்கத்திலேயே விழுந்து நொறுங்கியது. கடைசியில் விமானிகளை மீட்டார்கள். அந்த இரண்டு இளைஞர்களை உடைந்த ஹெலிகாப்டருக்குள் படுக்கவைத்துவிட்டு வந்தார்கள். உடல்களைக் கீழே கொண்டுவந்தது மார்ச் மாதம்.

நாடே தலைகுனிந்தது. 1958 ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மலை மீட்பு இனி அரசின் வேலை, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் பொறுப்பு என்று. சாமோனியில் ழாந்தார்ம்களின் மலைப் பிரிவும் அந்த ஆண்டே உருவானது. இன்று 'பே-ழே-ஆஷ்-எம்' என்று நாலெழுத்தில் சொல்கிறார்கள். என் தங்கை மகனைத் தூக்கி வந்த ஹெலிகாப்டரின் பின்னால் அந்தச் சுற்றறிக்கை இருக்கிறது. அவனிடம் ஒரு சல்லிக் காசு வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரசாங்கத்தில் குப்பை கொட்டியவன் என்பதால் சொல்கிறேன்: ஒரு நல்ல சுற்றறிக்கைக்கு அவ்வளவு சக்தி உண்டு.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன்.

நம் ஊரில் மீட்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2024 ஜூனில் உத்தராகண்டின் சகஸ்திர தால் பாதையில் கர்நாடகத்திலிருந்து போன குழுவில் 22 பேர் கடும் பனிப்புயலில் மாட்டிக்கொண்டார்கள். 9 பேர் இறந்தார்கள். மீதிப் பேரை மாநிலப் பேரிடர் மீட்புப் படையும் விமானப் படை ஹெலிகாப்டர்களும் போய்க் கொண்டுவந்தன. நம் பக்கத்தில் 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயிலும் விமானப் படை ஹெலிகாப்டர் வந்தது, கமாண்டோக்கள் வந்தார்கள். பிரான்சில் 1956ல் இல்லாதது நம்மிடம் இன்று இருக்கிறது. செய்தி அனுப்பும் கருவியைத்தான் தடுத்து வைத்திருக்கிறோம்.

தடுப்பது என்ன சட்டம்? 1885ம் வருஷத்துத் தந்திச் சட்டம், 1933ம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். உரிமம் இல்லாமல் செயற்கைக்கோள் போனோ, செய்திக் கருவியோ வைத்திருக்கக் கூடாது. 1933 சட்டப்படி உரிமமில்லாத ஒலிபரப்பிக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த 1,000 ரூபாயிலேயே சட்டத்தின் வயது தெரிகிறது. 2023ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்துவிட்டது, பழையவை படிப்படியாக விடைபெறுகின்றன. ஆனால் இந்தத் தடை விடைபெறவில்லை. பி.எஸ்.என்.எல். வழியாக இன்மார்சாட் போனுக்கு மட்டும் வழி உண்டு. ஒரு வாரம் மலைக்குப் போகிற சம்பளக்காரப் பெண்ணுக்கு அந்த வழி எட்டாது. 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில், இந்தக் கருவியை எக்ஸ்ரே பெட்டியில் தானே எடுத்து வைத்த வெளிநாட்டு ஓட்டக்காரப் பெண்ணைப் பிடித்தார்கள். மறைக்க நினைக்கிறவள் தட்டில் எடுத்து வைப்பாளா?

தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2008 நவம்பரில் மும்பைக்குக் கடல் வழியாக வந்தவர்களிடம் துராயா செயற்கைக்கோள் போன் இருந்தது. அந்தக் காயம் சின்னதல்ல. நானும் அந்த மூன்று நாள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தவன்தான். எல்லைக்குப் பக்கத்தில், காஷ்மீரில், கட்டுப்பாடு இருக்கட்டும். அதை நான் எதிர்க்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் வந்தது கடல் வழி. அதே கடலில் நம் மீனவர்களுக்கு அரசாங்கமே இருவழிச் செயற்கைக்கோள் கருவியைக் கொடுக்கிறது. 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமல் குமரி மாவட்டம் எவ்வளவு பிள்ளைகளை இழந்தது என்பதை நாம் மறக்கவில்லை. இஸ்ரோ 2010லிருந்தே படகுகளுக்கு ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி கொடுத்துவந்தது. அது ஒருவழி. பிறகு அவர்களே யோசித்து, இரண்டாம் தலைமுறைக் கருவியில், "உன் செய்தி கிடைத்தது" என்று படகுக்குப் பதில் வரும்படி செய்தார்கள். 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழிக் கருவி பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தைப் பிரதமரே தொடங்கிவைத்தார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஒரு மீனவத் தம்பி தன் படகில் இருப்பதை எனக்குக் காட்டினார். "கரையில வீட்டுக்காரி தூங்குறா சார்" என்றார். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கடலில் கொடுத்தால் பாதுகாப்பு, மலையில் கொண்டுபோனால் குற்றம் என்பது எந்த ஊர் நியாயம்? படகுக்குப் பதிவு எண் இருக்கிறது, ஆளுக்கு அடையாள அட்டை இருக்கிறது, அதனால் கொடுக்கிறோம் என்பார்கள். சரி. மலைக்குப் போகிறவனுக்கும் அனுமதிச் சீட்டு இருக்கிறதே! தமிழ்நாட்டில் 2018க்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று விதிகளே வந்துவிட்டன. 2024ல் அரசே 40 பாதைகளைத் திறந்து, பெயர், வயது, அடையாள எண் எல்லாம் வாங்கிக்கொண்டுதான் வழிகாட்டியோடு அனுப்புகிறது. உத்தராகண்டிலும் பல பாதைகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தால் போதும்: கருவியின் வரிசை எண். போகும்போது பதிந்துகொள், வரும்போது காட்டிவிட்டுப் போ. எண் இல்லாதவனைப் பிடி. வெளிநாட்டுக் கோள் வேண்டாமென்றால், படகுக்குச் செய்த இஸ்ரோவையே தோள்பையில் தொங்குகிற மாதிரி ஒன்று செய்யச் சொல். வன அலுவலகத்தில் வாடகைக்குக் கொடு. நடைக்குப் போகிற பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்குவார்கள்.

"அதெல்லாம் நிர்வாகத்தில் நடக்காது" என்று தலைமையாசிரியர் சொல்வார். 36 வருஷம் பதிவேடு எழுதியவனிடம் அந்தப் பேச்சு செல்லாது. நினைவிருக்கிறதா உங்களுக்கு, நம் வீட்டு மர்பி ரேடியோவுக்கு லைசென்ஸ் வைத்திருந்தோம்! வருஷா வருஷம் தபால் நிலையத்தில் 15 ரூபாய் கட்டி, அந்தச் சின்னப் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி, முத்திரை குத்தி வாங்கினோம். அதுவும் இதே 1885, 1933 சட்டங்களின் கீழ்தான். சிலோன் ரேடியோவில் பாட்டுக் கேட்க, நாடு முழுக்க வீட்டுக்கு வீடு பதிவேடு வைத்திருந்த தேசம் இது. கம்ப்யூட்டர் இல்லை, செல்போன் இல்லை, தபால்காரரும் பேரேடும்தான். எண்பதுகளில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த ரேடியோப் பெட்டிகளை எண்ணி வைத்தவர்களுக்கு, மலைக்குப் போகிற சில ஆயிரம் பேரின் கருவிகளை எண்ண முடியாதா?

கிரனோபில் மருமகன் செப்டம்பரில் ஊருக்கு வருகிறான். "ஒண்ணு கொண்டுவந்து பாப்பாவுக்குக் கொடுத்துடுறேன் மாமா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. விமான நிலையத்தில் அவன் மாட்டினால் அவன் தாயாருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். மலையில் அவள் அழுத்தினால், காப்பாற்ற வந்தவர்களே வழக்கும் எழுத வேண்டிய நிலைமை. அந்தப் பயத்தில் அவள் ஒரு மணி நேரம் தாமதித்து அழுத்தினால்? சட்டத்துக்குப் பயந்து அழுத்தாமல் வைத்திருக்கிற கருவியும் இல்லாத கருவியும் ஒன்றுதான். பேத்தியிடம் சொன்னபோது, "அப்ப நான் எப்படித் தாத்தா போறது?" என்று கேட்டாள். கோபமில்லை அவள் குரலில், கேள்விதான் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

சம்பந்தப்பட்ட துறைக்கு ஒரு மனு எழுதினேன். நாலு பக்கம், எண் போட்ட பத்திகள், கீழே வயதும் ஓய்வுபெற்ற பதவியும். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். அட்டை பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தது, கையெழுத்தும் முத்திரையும் தெளிவாக இருக்கின்றன. பதில் வரவில்லை. முதல் நினைவூட்டு எழுதியாயிற்று. இரண்டாவது அடுத்த மாதம் 1ம் தேதி. உங்களில் யாராவது மனுவின் நகல் கேட்டால் தருகிறேன், உங்கள் பெயரில் நீங்களும் அனுப்புங்கள். ஒரே பொருளில் பத்து மனு வந்தால் ஒதுக்கி வைப்பது கடினம்.

பேத்தி போகிறாள். நிறுத்த நான் யார்? வழிகாட்டிக் குழுவிடம் அனுமதி பெற்ற செயற்கைக்கோள் போன் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்கச் சொன்னேன். இல்லை என்று பதில் வந்ததும் குழுவை மாற்றிவிட்டாள். தேதி வாரியாக எந்த முகாம், எந்த ஊரில் செல்போன் எடுக்கும், எத்தனை மணிக்குள் பேசாவிட்டால் நான் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறது. தெரியாத எண்ணிலிருந்து யார் கூப்பிட்டாலும் அந்தப் பத்து நாளும் எடுக்கிறேன் என்று அவளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் எல்லோரிடமும் பேசித் தொலைக்கப் போகிறேன்.